வரிசை மாறாத பாட்டுப்பெட்டி

எங்கள் பெட்டிக்கு மறதி இருந்தது. நிறுத்திவிட்டு மறுபடி போட்டால், எந்தப் பாட்டில் நிறுத்தினோம் என்பது அதற்கு நினைவிருக்காது. முதலிலிருந்து, பிள்ளையார் பாட்டிலிருந்து, புதிதாக ஆரம்பிக்கும். பாட்டைக் கலைத்துப் போடவும் தெரியாது. ஒன்றுக்கு அடுத்து இரண்டு, இரண்டுக்கு அடுத்து மூன்று. ஆடி போய் ஆவணி வந்தாலும் அதே வரிசை. வாங்க வருகிறவர்கள் இதைக் குறையாகச் சொன்னால் நான், "ரொம்ப அடக்கமான பொட்டிங்க, சொன்ன வேலைய மட்டும்தான் செய்யும்" என்பேன். சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, பக்கத்துக் கடையில் சிவப்புப் பெட்டியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

பெட்டியைச் செய்தவள் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. மாகறல் பக்கம் எங்கள் தெருவில், எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தவள். டிப்ளமா முடித்தவள். நான் ஒன்பதாவதோடு நின்றவன். படிப்பு முடிந்ததும் ஒரு பெரிய செல்போன் கம்பெனியில் சேர்ந்து ஆறு வருஷம் வேலை பார்த்தாள். வேலை என்றால், நகர்ந்து வரும் மேடைக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒவ்வொரு போனிலும் ஒரே இடத்தில் ஒரே ஸ்க்ரூவை முடுக்குவது.

"ஆறு வருஷமும் அந்த ஒரு ஸ்க்ரூதான்டா. போனு எனக்கு முதுகக் காட்டிக்கினே வரும், முதுகக் காட்டிக்கினே போவும். அதோட மூஞ்ச நான் பாத்ததே இல்ல" என்பாள்.

ஒரு சாமானை முதலிலிருந்து கடைசி வரைக்கும் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்று அந்த வேலையை விட்டாள். பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் மதிலுக்குப் பின்னால் ஒரு சந்து, அதில் ஜரிகை விற்கும் பாயின் கடை, அந்தக் கடைக்கு மாடியில் ஓர் அறை. அதுதான் பட்டறை. அவள், நான், இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. ஜன்னலைத் திறந்து வைத்தால் கோயில் குரங்கு வந்து ஒயரை இழுக்கும். மூடி வைத்தால் ஈயப் புகையில் கண் எரியும். அன்றைக்கு எது பரவாயில்லையோ அதைச் செய்வோம்.

பெட்டி சாப்பாட்டு டப்பா அளவு இருக்கும். முன்னால் ஒரு ஸ்பீக்கர், பக்கத்தில் ஒரு திருகு, முதுகில் ஒரு கொக்கி. கொக்கியைத் தறிக் காலில் மாட்டிவிடலாம். தறியில் உட்கார்ந்தவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வேலையாக இருக்கும். போனில் பாட்டு வைத்தால் நடுவில் மச்சான் கூப்பிடுவான், பிள்ளை வந்து பிடுங்கிக்கொண்டு போய்விடும். பெட்டியை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு தடவை சார்ஜ் போட்டால் ஒரு நாள் முழுக்கப் பாடும். பிள்ளையார்பாளையம் தெருக்களில்தான் எங்களுக்கு வியாபாரம்.

பாட்டு வரிசை என் வேலை. சாமி பாட்டு, பழைய பாட்டு, புதுப் பாட்டு என்று தனித்தனியாக அடுக்கச் சொன்னாள் அக்கா. நான் கலந்துவிட்டேன். பிள்ளையாருக்கு அடுத்து ஒரு குடிகாரன் பாட்டு. காதல் தோற்றவன் ஒருவன் அழுது முடித்ததும், நாதஸ்வரம் தவிலோடு கல்யாணப் பாட்டு. தாலாட்டு முடிந்த கையோடு, தூங்கின குழந்தை அலறி எழுந்திருக்கிற மாதிரி ஒரு கானா. கடைசிப் பாட்டு முடிந்தால் மறுபடி பிள்ளையார் வருவார்; காலையில் போட்டால் இப்படியே சாயங்காலம் வரை ஓடும்.

முதல் தடவை போட்டுக் கேட்டபோது அக்கா திரும்பிப் பார்த்தாள். "இன்னாடா இது, பிள்ளையாரு போன கையோட இவன் தள்ளாடிக்கினு வர்றான்?"

"பிள்ளையாரத் தாண்டித்தானக்கா கடை இருக்குது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "மாத்துடா" என்றாள். மாற்றுவதற்குள் முதலில் செய்த பெட்டிகள் விற்றுப் போய்விட்டன. அப்புறம் அந்த வரிசையே நின்றுவிட்டது.

காலையில் பெட்டி கொடுக்கப் போகும்போது தெரு முழுக்க எங்கள் பாட்டுத்தான் கேட்கும். ஆனால் வீட்டுக்கு வீடு முன்னும் பின்னுமாகக் கேட்கும். முதல் வீட்டில் கல்யாணப் பாட்டு ஓடும். மூன்றாவது வீட்டில் அப்போதுதான் குடிகாரன் வந்திருப்பான். அந்த வாசலில் நின்று, "இன்னாபா, இன்னிக்கு எழுந்துக்கறதுக்கு லேட்டா?" என்று கேட்பேன். உள்ளேயிருந்து திட்டு வரும். யார் எத்தனை மணிக்குத் தறியில் உட்கார்ந்தார்கள் என்பதைப் பெட்டியே காட்டிக் கொடுத்துவிடும். இவ்வளவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை வைத்துக் கிண்டல் செய்தேனே தவிர வேறொன்றும் யோசிக்கவில்லை.

எங்கள் முதல் பெட்டியை வாங்கியவர் ஒரு நெசவாளி. வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். அவரை நைனா என்று கூப்பிடுவேன். என் அப்பாவை விட அவரிடம்தான் அதிகம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

பிறகு சிவப்புப் பெட்டி வந்தது. பெரிய கம்பெனி. பஸ் ஸ்டாண்டில் விளம்பரம், ஆட்டோ முதுகில் விளம்பரம், எங்கள் சந்து முனையில் இருக்கும் டீக்கடைப் பலகையிலும் விளம்பரம். அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்துதான் நாங்கள் டீ குடித்தோம். அதில் மூன்று நிறத்தில் விளக்கு எரியும். பாட்டைக் கலைத்துக் கலைத்துப் போடும். நிறுத்தின இடத்தை நினைவு வைத்துக்கொள்ளும். கடைக்காரர்கள் எங்கள் பெட்டியை மேல் தட்டுக்கு ஏற்றினார்கள், அப்புறம் பின்பக்கத்துக்கு, அப்புறம் என் பையிலேயே திருப்பிப் போட்டார்கள். "உங்க பொட்டி நல்லாத்தான் இருக்குது தம்பி. கேக்கத்தான் ஆளு இல்ல." ஒரு நாளைக்கு ஐந்து கடையில் இதையே கேட்டால் ஆறாவது கடைப் படியில் ஏறக் கால் வராது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மதிலோரம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பேன். அக்கா கேட்டால், வெயில் என்று சொல்வேன்.

அந்த வருஷம் ஒரு நெசவாளர் சங்கத்தில், தீபாவளிக்கு உறுப்பினர் எல்லோருக்கும் பாட்டுப்பெட்டி கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். எங்கள் பெட்டியா, சிவப்புப் பெட்டியா என்பதுதான் கேள்வி. சங்கத்தின் தறிக்கூடத்தில் ஆறு தறி ஓடியது. அங்கே முதல் வாரம் அவர்கள் பெட்டி, அடுத்த வாரம் எங்கள் பெட்டி. பிறகு ஆறு பேரையும் கேட்டுவிட்டு முடிவு. நைனாவும் அந்த ஆறு பேரில் ஒருவர்.

அக்காவுக்கு அதே சமயத்தில் பழைய சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. வேறொரு கம்பெனி, அதே மாதிரி வேலை, ஆள் வேண்டுமாம். அவள் முடியாது என்றும் சொல்லவில்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

"இந்த ஆர்டர் கெடச்சா பட்டறை நிக்கும்டா. இல்லன்னா மறுபடியும் கம்பெனி பஸ்ஸு" என்றாள்.

"ஸ்க்ரூவாச்சும் மாத்திக் குடுப்பாங்களாக்கா?"

வழக்கமாகச் சிரிப்பாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஒரு சிவப்புப் பெட்டியை வாங்கி வந்து மேசையில் வைத்துப் பிரித்தோம். பக்கத்தில் எங்கள் பெட்டி. நான்தான் ஆரம்பித்தேன்.

"இது பக்கத்துல நம்மளுது ரேஷன் கடை சாமான் மாதிரி இருக்குதுக்கா. நாமளும் கலைச்சுப் போட வைக்கணும். நின்ன எடத்த ஞாபகம் வெச்சுக்கணும். இல்லன்னா சீந்த மாட்டாங்க."

"நம்மளுதுல ஒண்ணும் கொறை இல்லியேடா. இத்தினி வருஷத்துல ஒருத்தராச்சும் திருப்பிக் குடுத்துருக்காங்களா?"

"வாங்குனாத்தானக்கா திருப்பிக் குடுக்கறதுக்கு."

அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. வாய் முந்திக்கொண்டது. மறுநாள் காலையில் சென்னைக்குப் போய், புது சிப்பு வாங்கி வந்தாள். பத்து நாள் இருவரும் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்தோம். பத்தாவது நாள் எங்கள் பெட்டி எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டது. பாட்டைக் கலைத்துக் கலைத்துப் போட்டது. பச்சை விளக்கு ஒன்றும் எரிந்தது. என் வரிசை போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

தறிக்கூடத்தில் எங்கள் வாரம் வந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். பெட்டி தறிக் காலில் தொங்கிக்கொண்டு பாடியது. நைனா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். தலையை மட்டும் திருப்பினார்.

"ஏம்ரா, இது உங்க பொட்டியா?"

"ஆமா நைனா. புது மாடலு. எப்படி?"

"ம்" என்றார்.

நைனா ஒன்றைப் பார்த்து "ம்" என்று சொன்னால் அது பெரிய பாராட்டு. சந்தோஷமாக வந்து அக்காவிடம் சொன்னேன். அவளும் நம்பினாள்.

முடிவு சொல்லும் அன்றைக்குச் சங்கத்து அறையில் நாங்கள் இருவரும் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். செக்ரட்டரி ஒவ்வொருவராகக் கேட்டார். ஆறு பேரும் ஒரே மாதிரி, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார்கள். நைனாவும் அதைத்தான் சொன்னார்.

செக்ரட்டரி அக்காவிடம் திரும்பினார். நல்ல மனிதர்தான். "ரெண்டும் ஒண்ணுதான்றாங்கமா. அப்டின்னா பேர் தெரிஞ்ச கம்பெனிக்குத்தான குடுக்க முடியும்? நாளைக்கு ஒரு ரிப்பேருன்னா உங்கள எங்க போய்த் தேடுறது?"

"கோயில் மதிலு பின்னாடிதாங்க இருக்கறோம்" என்றாள் அக்கா. "நடந்தே வந்துரலாம்."

அவர் தலையை ஆட்டினார். எழுதி முடித்துவிட்டார் என்பது தெரிந்தது.

வெளியே வண்டியை எடுக்கும்போது நைனா பின்னாலேயே வந்தார். எனக்குக் கோபம். "இன்னா நைனா, கை வுட்டுட்டியே. மூணு வருஷமா நம்ம பொட்டிதான உன் வூட்ல பாடிக்கினு இருக்குது?"

"அதத்தான் நானும் கேக்க வந்தேன்" என்றார். "அந்தப் பொட்டிய ஏன்ரா கொண்டாரல?"

"எந்தப் பொட்டி?"

"பழசு. வரிசையாப் பாடுமே, அது. காலைல பிள்ளையாரப் போட்டுட்டுக் குந்துனா, கல்யாணப் பாட்டு வர்றதுக்குள்ள பொடவையில ஒரு வரிசை புட்டாப் பூ வுழுந்துடணும். வுழலன்னா கை மெதுவாயிடுச்சுன்னு அர்த்தம். அழுவுறானே, அவன் ரெண்டாந் தடவ வந்தா எங்க வூட்ல சோத்த எறக்குவாங்க. கானா வந்தா நான் டீக்கு எழுந்துக்குவேன். எங்க தெருவுல முக்காவாசிப் பேரு அப்டித்தான். இப்ப நீங்க கொண்டாந்தது எப்ப இன்னா பாடும்னே தெர்ல. செவப்பும் அப்டித்தான். அதான் ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னோம்."

அக்கா வண்டியின் பின்னால், பெட்டிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் கேட்டேன், "அத உள்ள சொல்றதுக்கு இன்னா?"

"பழசப் பத்தி யாரும் கேக்கலியேடா. தொங்க வுட்ட ரெண்டப் பத்தித்தான கேட்டாங்க." அக்காவைப் பார்த்தார். "நீதானமா செஞ்சது. தெரிஞ்சுதான் அப்டி செஞ்சிருக்கியாட்டம் இருக்குதுன்னு நாங்க நெனச்சோம். கெட்டிக்காரப் பொண்ணுன்னு எங்க வூட்ல பேசிக்குவோம்."

அக்கா, "வர்றேங்க" என்று மட்டும் சொன்னாள்.

பட்டறைக்கு வந்ததும் சென்னைக் கடைக்குப் போன் செய்தாள். பழைய சிப்பு இருக்கிறதா என்று கேட்டாள். அது வருவது நின்று மாசக்கணக்காகிறது என்றார்கள். போனை மேசையில் குப்புற வைத்தாள்.

"நான்தானக்கா மாத்தச் சொன்னேன்" என்றேன்.

"நீ சொன்ன. நான்தான செஞ்சேன்." பழைய சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, "கம்பெனி பஸ்ஸுக்குச் சொல்லிட்டேன்டா. திங்கக்கிழமையிலேர்ந்து" என்றாள்.

தீபாவளிக்குச் சிவப்புப் பெட்டி வீடு வீடாக வந்து இறங்கியது. எங்கள் பழைய பெட்டிகளும் தேய்ந்துகொண்டே வந்தன. பேட்டரி உப்பியது, திருகு கழன்றது. நான் பட்டறையில் தனியாக உட்கார்ந்து அவற்றைப் பழுது பார்த்தேன். கிண்டல் செய்ய ஆள் இல்லை. குரங்கிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் நைனா மாடி ஏறி வந்தார். கையில் சிவப்புப் பெட்டி. அக்காவும் அப்போதுதான் கம்பெனியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை.

"என் பழசு செத்துப்போச்சுமா. இதக் கொஞ்சம் கெடுத்துக் குடுங்க" என்றார்.

"இன்னாது?" என்றேன்.

"கெடுத்துக் குடுரா. கலைச்சுப் போடக் கூடாது. ஞாபகம் வெச்சுக்கக் கூடாது. தெனமும் பிள்ளையார்லேர்ந்து வரணும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையை நீட்டிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பிரித்தாள். உள்ளே வெகுநேரம் பார்த்தாள். "நாம பத்து நாள் முதுகு ஒடிஞ்சு மாட்டுனமே, அதே சிப்புடா" என்றாள். நினைவு வைக்கும் இடத்துக்குப் போகும் ஒயரை வெட்டினாள். கலைக்கும் பொத்தானைப் பிடுங்கினாள். பிடுங்கின ஓட்டையில் கறுப்பு டேப் ஒட்டினாள். நான் பாட்டுகளுக்கு எண் போட்டு, என் பழைய வரிசையை மெமரி கார்டில் ஏற்றினேன். போட்டதும் பிள்ளையார் வந்தார். பின்னாலேயே அவன் தள்ளாடிக்கொண்டு வந்தான். நைனா பெட்டியை அக்குளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரத்திலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கீழே பாய் கடையில் நின்று, "செவப்புப் பொட்டியக் கெடுக்கறது இங்கதானா?" என்று கேட்பார்கள். பாய் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "மாடிக்குப் போங்க. நல்லாக் கெடுப்பாங்க" என்பார்.

பகலில் நான் கார்டு ஏற்றி வைப்பேன். சாயங்காலம் அக்கா வந்து ஒயரை வெட்டுவாள். ஊரெல்லாம் பெரிய கம்பெனியின் பெட்டி, அதற்குள்ளே எங்கள் வரிசை. இதை வைத்து அவள் வேலையை விட முடியாது. அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கம்பெனி பஸ் ஓட்டுநரிடமும் ஒரு சிவப்புப் பெட்டி இருந்தது. அதையும் கெடுத்துக் கொடுத்தாள். மூங்கில் மண்டபம் ஸ்டாப்பில் ஏறினால் பிள்ளையார். அப்புறம் ஒரு மணி நேரப் பயணம். ஒரு சாயங்காலம் சோல்டரிங் கம்பியைச் சூடு பண்ணிக்கொண்டே சொன்னாள்:

"தெனமும் பஸ்ஸு கம்பெனி கேட்டுக்குள்ள நொழையும்போது சரியா அந்தக் கல்யாணப் பாட்டு வருதுடா. நாதஸ்வரம் ஊதி எங்கள உள்ள அனுப்பற மாதிரி இருக்குது. மொத நாளு எல்லாம் சிரிச்சோம். இப்ப யாரும் சிரிக்கறதில்ல. அத எடுத்துடு."

"வேற இன்னா வெக்கட்டும்? குடிகாரன வெக்கட்டா?"

"ஒண்ணும் வெக்காத. அந்த எடத்துல கொஞ்ச நேரம் சும்மா இருக்கட்டும்."

நாலு நிமிஷத்துக்கு ஒன்றுமே இல்லாத பாட்டு ஒன்று செய்தேன். அதைப் பஸ் கார்டில் மட்டும் வைத்திருக்க வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் நகல் எடுக்கும் மூலக் கார்டிலேயே வைத்துவிட்டேன். கவனிக்கவில்லை. அன்றிலிருந்து கெடுத்துக் கொடுத்த பெட்டிகள் எல்லாவற்றிலும் அது போய்விட்டது. நைனாவின் கார்டு பழுதாகி நான் கொடுத்த புதுக் கார்டிலும் போய்விட்டது.

அவர் நேராக மாடிக்கு வந்துவிட்டார்.

"கல்யாணப் பாட்டு எங்கடா?"

"மாப்பிள்ள ஓடிட்டான் நைனா."

"வெளையாடாதடா. பொட்டி செத்துப்போச்சுன்னு குழியிலேர்ந்து எழுந்து வந்து, இதத் தூக்கித் தட்டிக்கினு நின்னேன். அப்பறம் தானாப் பாடுது. மறுநாளும் அதே நேரத்துல சாவுது."

என் தப்புத்தான் என்றேன். இப்போதே சரி செய்து தருகிறேன் என்று கார்டைக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"வேணாம். கேக்கத்தான் வந்தேன். இப்ப அந்த நேரத்துக்கு எழுந்து நின்னு காலு நீட்டிக்கறேன். பாட்டு வந்தா உக்காந்துக்கறேன். முட்டி கொஞ்சம் பரவால்ல. இதப் போயி சரி கிரி பண்ணிடாத."

சாயங்காலம் அக்கா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். கையிலிருந்த கம்பியைத் தாங்கியில் வைத்தாள். மேசைக்கு அடியில் இரண்டு காலையும் மெதுவாக நீட்டினாள். காலையிலிருந்து நின்ற கால். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள்.

பிறகு காலை மடக்கிக்கொண்டு, "அடுத்த பொட்டியக் குடு" என்றாள்.